உனக்காகப் பிடித்த சீட்டு

மச்சான்,

இன்று காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ் உள்ளே திரும்பும்போதே எல்லாரோடும் சேர்ந்து ஓடி, ஜன்னல் கம்பிக்கு நடுவே கைக்குட்டையை எறிந்துவிட்டேன். எறிந்த பிறகுதான் சுள்ளென்று உறைத்தது. நீலக் கரை போட்ட அந்த வெள்ளைக் கைக்குட்டைதான், நீ பார்க்காததா? ரெண்டு பேர் உட்காருகிற சீட்டின் நடுவே போய் விழுந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில் கைக்குட்டை கிடந்தது. கையில் பையோடு ஒரு பெரியவர் வந்து, "ஆளு வருதா தம்பி?" என்று கேட்டார்.

"வருதுங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். நீ போய் ஐந்து மாசம் ஆகிறது. வாய் பாட்டுக்கு அப்படிச் சொல்கிறது, நான் என்ன செய்ய?

இப்போது மத்தியானம். ஆபீஸில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன். போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் வீட்டம்மா, என் தங்கச்சி, ஒன்று சொன்னது. அது நெஞ்சுக்குள் கிடந்து அறுக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள். நான் எப்போதும் அப்படித்தானே.

பன்னிரண்டு வருஷம். ஒரே ஆபீஸ், ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்து மேஜை. எனக்கு வீடு பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. உனக்கு ஊரின் அந்தக் கடைசியில், பள்ளிவாசலை ஒட்டி. நீ வந்து சேர்வதற்குள் பஸ் நிரம்பிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே அது என் வேலையாகிவிட்டது. உனக்குச் சீட்டுப் பிடிப்பது. அதற்காக எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்! "கைக்குட்டைக்கு எல்லாம் டிக்கெட் எடுத்துருக்கியா?" என்று ஒரு அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "எடுத்துருவோம்மா" என்று நீ பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாய். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு அப்படி ஒரு முகம்.

நம்ம ஊர்ப்பக்கம் பிரியத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் ரொம்பப் பேர் இல்லை மச்சான். வீட்டுக்கு ஆள் வந்தால் "உக்காருங்க" என்போம். அதற்குமேல் என்ன சொல்ல என்று தெரியாது. நிற்க வைத்துப் பேசினால் மரியாதைக் குறைவு. நிற்பது யார்? பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவன் நிற்பான். ஆபீஸில் மனுக் கொண்டுவந்தவன் நிற்பான். பெரிய அதிகாரி முன்னால் நாம் நிற்போம். உனக்கு வேண்டியவனை நிற்க விடாதே, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். அதைத்தான் உனக்குக் கடைசிவரை செய்தேன்.

போன வருஷம் மழைக்கு முந்தி உன் இடது கெண்டைக்கால் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டு திரிந்தாய். நான்தான் பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துப் போனேன். அந்த ஒரு நல்ல காரியமாவது என் பேரில் இருக்கட்டும். காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, உறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னோம். "காலைல உக்காந்தா எப்ப எந்திரிப்பீங்க?" என்றார். நீ யோசித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு சார்" என்றாய். "சாப்பாட்டுக்கும் இல்ல சார், மேஜைலயே சாப்பிடுவான்" என்று நான் போட்டுக்கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்தே இருக்காதீங்க, அதுக்காக நின்னுட்டே இருக்கவும் வேண்டாம், மாத்தி மாத்தி இருங்க, அரை மணிக்கு ஒருக்க எந்திரிங்க, கொஞ்சம் நடங்க என்றார். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். நீ அப்படி இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்ததும் நீ செய்த முதல் வேலை, பின்பக்கம் காம்பவுண்டுச் சுவர் கட்டியதில் மிஞ்சிக் கிடந்த செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான். பன்னிரண்டு செங்கல். மேஜைக் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் மூன்று. மேஜை உன் இடுப்புக்கு மேலே ஏறி நின்றது. அதன்மேல் பதிவேட்டை விரித்து, நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தாய். கால் அசந்தால் என் மேஜைக்கு எதிரே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுவாய். பிறகு மறுபடி அங்கே. அலுவலக உதவியாளர் முத்துமாரி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு, "சார், பஸ்ஸுக்கு நிக்கீகளா?" என்று கேட்டது. ஆபீஸே சிரித்தது. நானும்தான்.

அதைவிடப் பெரிய கூத்து, பரளச்சியிலிருந்து மனுவோடு வந்த அந்த ஐயா. நீ நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, நீயும் மனுக் கொடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து ரகசியமாக, "தம்பி, நீங்க எத்தனை நாளா நடக்கீக?" என்றார். "பன்னெண்டு வருசமா நடக்கேன் ஐயா" என்றாய் நீ. மனுசர் ஆடிப் போய்விட்டார். "அடப்பாவமே! எனக்கு மூணு மாசந்தான்" என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அன்றைக்கே அவருடைய பழைய பட்டா நகலைத் தேடி எடுத்துக் கொடுத்து அனுப்பினாய். நின்றுகொண்டு இருப்பதால், வந்தவர் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கிறது, மறுநாள் வா என்று சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறது மாப்ளே, என்று சொன்னாய். எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு மணி. யாரோ ஒரு பழைய அதிகாரி விட்டுப்போன பித்தளை அழைப்பு மணியைத் துடைத்து உன் மேஜையில் வைத்தாய். அரை மணிக்கு ஒருக்க டிங் என்று ஒரு தட்டு. "எல்லாரும் எந்திரிங்கப்பா, ரெண்டு நிமிசம்." முதல் நாள் ஒருத்தரும் எழவில்லை. முத்துமாரி அக்கா மட்டும் தன்னைக் கூப்பிடுகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தது. சாயங்காலம், "சார், இன்னைக்கு ஒங்க புண்ணியத்துல நாந்தான் நல்லா நடந்தேன்" என்றது. நீ கெஞ்சினாய், கேலி செய்தாய், "ஏலே, ஒரு காப்பி வாங்கித் தாரேன், எந்திரிலே" என்று எனக்கு லஞ்சம் கொடுத்துப் பார்த்தாய். ஐந்தாறு மாசத்தில் நாலு பேர் எழுந்திருப்பார்கள். நான் எழுந்ததில்லை. காப்பி மட்டும் குடித்தேன்.

சொல்லிவிடுகிறேன் மச்சான். எனக்கு அசிங்கமாக இருந்தது. வெளி ஆபீஸ்காரர்கள் வந்தால், "உங்க ஆளுக்கு என்ன தண்டனையா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்றிருக்கும். கண்காணிப்பாளர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, கை வைத்த, மெத்தை போட்ட நாற்காலி ஒன்று உனக்கென்று வாங்கி வந்து போட்டேன். முதுகில் ஒரு வெள்ளைத் துண்டுகூட நானே வாங்கிப் போட்டேன். நீ அதைக் கொண்டுபோய் மேஜைக்கு எதிர்ப்பக்கம் வைத்து, "மனுக் கொண்டாறவுக உக்காரட்டும்" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அந்தக் கோபத்திலேயே பஸ்ஸிலும் ஒன்று நடந்தது. நான் வழக்கம்போல் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். நீ ஏறி, "நீ உக்காரு மாப்ளே, நான் நின்னுக்கிறேன். அங்க போயி உக்காரத்தானே போறோம்" என்றாய். பஸ்ஸே பார்க்க, நான் பிடித்த சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். ரெண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பச்சைப் பிள்ளை மாதிரி. மூன்றாம் நாள் நீயாக வந்து, பொத்தென்று என் பக்கத்தில் உட்கார்ந்து, "சரிடா. பஸ்ஸுல உன் இஷ்டம், ஆபீஸுல என் இஷ்டம். இதுக்கு மேல மூஞ்சியத் தூக்குனே, பாத்துக்க" என்றாய். அதுதான் நம்ம ஒப்பந்தம். நீ கடைசிவரை அதைக் காப்பாற்றினாய்.

நான் காப்பாற்றவில்லை.

மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பத்து நாள்தான் இருந்தது. உனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். வருகிறவர் கண்டிப்பானவர் என்று யாரோ சொன்னார்கள். செங்கல் மேல் நிற்கிற மேஜையைப் பார்த்து ஏதாவது எழுதிவிட்டால்? மேலதிகாரி வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்களே, நீ முன்னாலேயே நின்றுகொண்டிருந்தால் மரியாதைக்கு நிற்கிறாயா, திமிருக்கு நிற்கிறாயா என்று எப்படித் தெரியும்? என் மண்டை இப்படியெல்லாம் ஓடியது. ஒருத்தரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை மச்சான். யார் மேலும் பழி போட எனக்கு வழி இல்லை. வெள்ளிக்கிழமை நீ ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, முத்துமாரி அக்காவை மேஜையின் ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, நான்தான் அந்தப் பன்னிரண்டு கல்லையும் உருவினேன். மணியை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நீ திரும்பி வந்து மேஜையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "பத்தே நாள் மச்சான்" என்றேன். "புரமோஷன் நேரத்துல எதுக்கு வம்பு?" நீ சண்டை போட்டிருக்கலாம். நான் பஸ்ஸில் போட்டேனே, அந்த மாதிரி. "சரி விடு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

பத்து நாளும் உட்கார்ந்தாய். காலையில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பொழுது அடையும்வரை. பதிவேடுகளுக்குப் பக்க எண் போட்டு, அட்டை ஒட்டி, கட்டுக் கட்டி முடியவில்லை நமக்கு. மேஜைக்கு அடியில் வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆய்வு முடியட்டும், முடிந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வந்தவர் எப்படிப்பட்டவர்! நாற்காலியை இழுத்துப் போட்டதும், "வேண்டாங்க, கார்ல உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை ஜன்னல் திட்டில் வைத்துக் குனிந்து புரட்டினார். குனிய முடியாமல் நிமிர்ந்து, "கொஞ்சம் உயரமா மேஜை எதுவும் இருக்கா?" என்று கேட்டார். ஆபீஸே என்னைத்தான் பார்த்தது. நீ என் பக்கம் திரும்பினாய். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பு என்னைச் சாகும்வரை விடாது. சாயங்காலம் பஸ்ஸில், "நாளைக்கு மொத வேலையா கல்ல எடுத்துப் போட்டுருவோம் மாப்ளே" என்றாய். "போட்டுருவோம்" என்றேன்.

மறுநாள் காலை பஸ் நிரம்பிவிட்டது. கைக்குட்டையைப் பார்த்து நாலு பேர் முறைத்தார்கள். கண்டக்டர் விசில் எடுக்கப் போகிறார். நான் உனக்குப் போன் அடித்தேன். "எங்கடா இருக்க? கெளம்பப் போறான். சீட்டு வச்சுருக்கேன், ஓடியா!" நீ ஓடி வந்தாய். வேட்டை நாய் துரத்தினாற்போல் வேர்த்து விறுவிறுத்து ஏறி, உட்கார்ந்து, "மூச்சு வாங்குது மாப்ளே" என்றாய். "வயசாகுதுல்ல" என்றேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது. ஊர் எல்லை தாண்டி, கருவேல மரங்கள் வர ஆரம்பித்ததும் உன் தலை என் தோளில் சாய்ந்தது. பத்து நாள் அசதி, தூங்கட்டும் என்று தோளைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று அசைக்காமல் இருந்தேன் மச்சான். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர்தான் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், இவருக்கு என்ன?" என்று கேட்டார்.

டிரைவர் பஸ்ஸை அப்படியே திருப்பிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு விரட்டினார். பஸ் நிறைய ஆள், ஒருத்தர் முணுமுணுக்கவில்லை. காலில் இருந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம் என்றார்கள். போய்ச் சேரும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் உன்னை வைத்தார்கள். எனக்கு யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, "உக்காருங்க சார்" என்றார்கள். உள்ளே வரிசை வரிசையாக ஆட்கள். உனக்கான தொழுகையில் குனிவதும் இல்லை, உட்காருவதும் இல்லை, முழுக்க நின்றபடிதான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நான் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆபீஸில் மௌன அஞ்சலி. கண்காணிப்பாளர், "எல்லாரும் ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிக்கணும்" என்றார். ஒருத்தர் பாக்கி இல்லாமல் எழுந்தார்கள். நீ ஆறு மாசமாகக் கெஞ்சியதும் அந்த ரெண்டு நிமிஷத்தைத்தானே. முத்துமாரி அக்கா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டது. நான் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். வெட்கப்படவில்லை.

இனி தங்கச்சி சொன்னதைச் சொல்கிறேன். புருசன் போனபின் இத்தா இருக்கிற நாலு மாசம் பத்து நாளும் வெளி ஆம்பளைகளைப் பார்க்கக்கூடாதே, அது முடிந்து, போன வாரம்தான் போனேன். "உக்காருங்கண்ணே" என்றது. உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னது:

"அன்னைக்குக் காலைல கால் பானை மாதிரி வீங்கிருச்சுண்ணே. இன்னைக்கு லீவு போடுங்கன்னு கையப் பிடிச்சுட்டுச் சொன்னேன். அவுகளும் சரின்னுதான் செருப்பக் கழட்டுனாக. அதுக்குள்ள உங்க போனு. 'பாவம், எனக்காகச் சீட்டப் பிடிச்சு வச்சுட்டு நாலு பேருட்ட ஏச்சு வாங்கிட்டு இருப்பான், போகலேன்னா சங்கடப்படுவான்'னு சொல்லிட்டு ஓடுனாக. உங்க மேல அவுகளுக்கு அம்புட்டுப் பிரியம்ணே."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அது சொன்னது. நான் தலையை ஆட்டினேன். செங்கல்லைப் பற்றி அதனிடம் நான் வாய் திறக்கவில்லை. திறக்கத் தைரியம் இல்லை. மதுரையில் அதே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த அடைப்பு எப்படியும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் நல்ல மனுசர். ஆனால் செருப்பைக் கழற்றியவனை மறுபடி மாட்ட வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். "சரி விடு" என்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

செங்கல் பன்னிரண்டும் இப்போது என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். மணியும் இங்கேதான். அரை மணிக்கு ஒருக்க நான் தட்டுகிறேன், எல்லாரும் எழுந்து விடுகிறார்கள். இப்போது யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்தால் நன்றாக இருக்கும்.

காலையில் அந்தப் பெரியவரை நிற்க வைத்துவிட்டு, வராத ஆளுக்கு இடம் போட்டு உட்கார்ந்திருந்தேன் இல்லையா? பஸ் நகர ஆரம்பித்ததும் தாங்க முடியவில்லை. எழுந்து, "ஐயா, உக்காருங்க. ஆளு வரல" என்றேன். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஐந்து மாசம் ஆகியிருக்கிறது. என் இடத்தையும் பிள்ளையோடு நின்ற ஒரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

திருச்சுழி வரைக்கும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் நெருக்கியது. என் கைக்குப் பக்கத்தில் கம்பியில் இன்னொரு கை பிடிக்கிற அளவுக்கு இடம் விட்டு, யாரும் வந்துவிடாமல் முழங்கையை ஊன்றிக்கொண்டே வந்தேன். நாளைக்கும் அப்படித்தான் வருவேன். இனி உனக்கென்று நான் பிடித்து வைப்பது அந்த இடத்தைத்தான். நீ ஓடியெல்லாம் வராதே மச்சான். மெதுவா வந்து நில்லு.